போர்டில் உள்ளபடி

ஒண்ணாம் வகுப்பில் மாதேஷின் நாலு கோடு நோட்டைப் பிரித்த தாளாளர் வெங்கடாசலம், அதைக் கண்ணருகே கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தார்.

பையன் ஆங்கிலத்தைக் கர்சிவில், எழுத்தோடு எழுத்தைச் சேர்த்துத்தான் எழுதியிருந்தான். கோடு தாண்டவில்லை, எழுத்து விட்டுப்போகவில்லை. ஆனால் அத்தனை எழுத்துகளும் மார்கழியில் பச்சைத்தண்ணீரில் குளித்ததுபோல் நடுங்கிக்கொண்டிருந்தன.

காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பயல் ஜம்மென்று இருந்தான்.

மூன்று மணிக்குப் பெற்றோர்கள் வருகிறார்கள். 'ஒண்ணாம் வகுப்பிலேயே கர்சிவ்' என்று பள்ளி வேனின் முதுகில் எழுதி பாப்பிரெட்டிப்பட்டி முழுக்க ஓட்டியாயிற்று. அடித்த தம்பட்டம் கொஞ்சமா! இதைப் பார்த்தால் அடுத்த வருஷம் பாதிப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள்.

வெங்கடாசலம் பள்ளி தொடங்குவதற்கு முன் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தவர். பெட்டியின் மேலடுக்கைப் பார்த்து ஏமாறுகிற ஆள் இல்லை. மேஜைமேல் இருந்த நோட்டுக் கட்டில் கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினார்.

அதுவும் நடுங்கியது.

நடுவிலிருந்து ஒன்று. அதுவும்தான். அட கடவுளே, மொத்தப் பெட்டியும் சொத்தை!

"பிளசி மிஸ், என்னாங்க இது? புள்ளைங்கள அடிச்சு மிரட்டி வெச்சிருக்கீங்களா?" நோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ஐயோ, இல்லைங்க சார். போர்டுல இருக்கற மாதிரியே எழுதோணும்னு மட்டுந்தாங்க சொன்னேன். இன்னும் கை படியலைன்னு நெனச்சேங்க."

முதல் பெஞ்சில் பிரியதர்ஷினி இன்னமும் எழுதிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பென்சிலை வழுவழுவென்று ஓட்டிக்கொண்டு போனவள், சட்டென்று நிறுத்தினாள். போர்டை நிமிர்ந்து பார்த்தாள். மணிக்கட்டை வெடவெடவென்று ஆட்டி, ஆட்டம் சரியாக விழுந்ததா என்று சரிபார்த்துவிட்டு, மேலே தொடர்ந்தாள்.

வெங்கடாசலத்துக்குக் கோபம் மறந்தே போயிற்று. "ஏங் கண்ணு கைய இப்படி ஆட்டற?"

"அந்த ஆட்டந்தான் சார் கஷ்டம். மத்ததெல்லாம் ஈஸி," என்றாள் பெருமையாக. "நான் வூட்ல போட்டுப் போட்டுப் பழகிட்டேன்."

வகுப்பே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. தனக்கும் வரும் என்று மாதேஷ் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினான்.

அப்போதுதான் அவர் போர்டைப் பார்த்தார்.

ஆப்பிள் என்ற சொல் நடுங்கியது. பூனை நடுங்கியது. சிங்கம்கூட வெடவெடத்தது. பிள்ளைகள் ஒரு நெளிவு பாக்கி வைக்காமல் அப்படியே இறக்கியிருந்தார்கள். தங்கங்கள்!

பார்வை போர்டிலிருந்து சாக்பீஸுக்கு இறங்கியது. அது பிளசி மிஸ்ஸின் இடது கையில் இருந்தது.

வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டியிலிருந்து விழுந்த அன்று அவள் போனில் லீவு கேட்டாள். "ஒரு கைதானேம்மா, இன்னொண்ணு சும்மாத்தானே இருக்குது, வந்துருங்க" என்று பெரிய மனுஷனாகச் சொன்னது யார்? சாட்சாத் வெங்கடாசலமேதான்.

நோட்டுகளைப் பழையபடி அடுக்கி வைத்தார். சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கனைத்துக்கொண்டார்.

"மீட்டிங்கத் தள்ளி வெச்சுக்கலாங்க மிஸ். கட்டு எப்பப் பிரிக்கறாங்க?"