சக்களத்தி வெளிச்சம்

ஆய்வகத்தில் என் கணவருடைய முதல் மனைவியின் செல்கள் வளர்கின்றன. அவள் இறப்பதற்கு முன் அவளுடைய கட்டியிலிருந்து எடுத்தவை. சக்களத்திக்குத் தினமும் சாப்பாடு போடுவது என் வேலை.

மின்மினியின் மரபணுவை அவற்றுக்குள் செலுத்தியதும் நான்தான். ஹார்மோன் பட்டால் செல்கள் ஒளிரும், படாவிட்டால் ஒளிராது. எவ்வளவு ஒளி என்று ஒரு கருவி எண்ணாகக் காட்டும்.

ஒரு மாலை என்னை அழைத்துப்போக அவர் உள்ளே வந்தார். ஹார்மோன் சேர்க்காத செல்தட்டில் எண் ஏறியது. அவர் வெளியே போனதும் இறங்கியது. மறுநாளும் அப்படியே. எனக்கு வயிறு எரிந்தது. பார்த்துப் பார்த்து வளர்க்கிறேன், எனக்காக ஒருநாளும் ஒளிர்ந்ததில்லை.

"இனிமே இங்க வராதீங்க. நானே வந்துடறேன்" என்றேன். அதன்பின் எண் அசையவில்லை.

இன்று மதியம் மறுபடி ஏறியது. கதவருகில் யாருமில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன்.

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"அவளோட பழைய சால்வை ஒண்ணு கிடைச்சுது. இன்னும் அவ வாசனை போகல."

போனைக் காதில் வைத்தபடியே கருவியிலிருந்து தட்டை வெளியே எடுத்து, அதில் செல்களைக் கொல்லும் ப்ளீச்சை ஊற்றினேன்.

அவர் சால்வையை மறுபடி முகர்ந்து பார்ப்பது போனில் கேட்டது.

"போயிடுச்சும்மா" என்றார். "இப்பதான் இருந்துச்சு."