மண்ணின் மௌனம்

உலகக் கலை வரலாறு அன்று காலை இரண்டாகப் பிரியவிருந்தது: ‘மண்ணின் மௌனம்’ படத்துக்கு முன், படத்துக்குப் பின். இயக்குநரே அறிவித்துவிட்டார்.

ஊரெல்லாம் பொம்மைக்காரம்மா என்று கூப்பிடும் மூதாட்டியின் பீங்கான் பட்டறைக்குள் நுழைந்ததுமே அவர் உத்தரவு போட்டார். “ஒரு சின்ன சத்தம்கூடக் கேக்கக் கூடாது!”

ஒலிப்பதிவாளர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சுவிட்சுகளையெல்லாம் அணைத்தார். மின்விசிறி நின்றது.

“ஐயோ தம்பி, நாளைக்குக் கண்காட்சிக்குப் பொம்மைங்க போகணும்...”

“பேசாதீங்கம்மா! உங்க கை பேசட்டும்.”

அம்மா மண்ணைப் பிசைந்தார். பாதியில் எழுந்தார், உட்காரவைத்தார்கள். வாயைத் திறந்தார், “உஷ்!” என்றார்கள். மதியம்வரை இதே கூத்து.

“முகத்துக்குக் கிட்ட போய்யா!” என்று கேமராக்காரரிடம் கிசுகிசுத்தார் இயக்குநர். “கலைஞரோட தவிப்பு! கோடி கொடுத்தாலும் கிடைக்காது!”

கடைசிக் காட்சி வந்தது. “இப்ப நெருப்பு வேணும். சூளை எங்கம்மா?”

அம்மா மூலையிலிருந்த இரும்புப் பெட்டியைக் காட்டினார்.

“கரண்ட் சூளை தம்பி. கண்காட்சிப் பொம்மையெல்லாம் அதுலதான் வெந்துக்கிட்டிருந்துச்சு, நீங்க சுவிட்ச அணைக்கிறவரைக்கும்.”

கண்காட்சியில் அம்மாவின் மேசை காலியாக இருந்தது. படத்துக்குச் சிறந்த ஒலிப்பதிவுக்கான விருது கிடைத்தது.