நூலகரின் ஞானக்கண்

ஞானக்கண்ணால் கொலைகாரனைப் பிடித்துவிட்டு, காதலில் மட்டும் கோட்டைவிடும் துப்பறியும் நாயகியின் ஆறாவது புத்தகத்தை மருந்துக்கடைப் பெண் திருப்பிக் கொடுத்தாள்.

"விழுந்து விழுந்து சிரிச்சேன் சார்! சரி, சொல்லுங்க. நேத்து நான் எங்க போனேன்?"

நூலகர் வழக்கம்போல் புத்தகத்தை மேசைக்கடியில் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

"சினிமாவுக்கு. தனியா."

"அய்யோ! அந்த நாயகியே உங்ககிட்ட தோத்தா, போங்க!"

அவள் போனதும், பக்க அடையாளத்துக்கு வைத்து அவள் மறந்துபோன ஒற்றை டிக்கெட்டை, ஏற்கெனவே சேர்ந்திருந்த ஐந்தோடு நூலகர் பத்திரப்படுத்தினார். இப்படி மறதி உள்ள பெண் அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

அடுத்த வாரம் ஏழாவது புத்தகம் திரும்பி வந்தது. மேசைக்கடியில் புரட்டிப் பார்த்தார். உள்ளே இரண்டு டிக்கெட். இன்றைய மாலைக் காட்சி.

"இன்னிக்கு... யாரோடயோ படத்துக்குப் போறீங்க."

"யாரோட?"

"அது தெரியலீங்க." அவர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏழு புத்தகத்துலயும் நானே பார்த்துப் பார்த்து டிக்கெட் வெச்சுக் குடுத்தேன். இன்னுமா புரியல? கோட்டைவிடறதுலயும் அந்த நாயகியை மிஞ்சிட்டீங்க சார்! ஒண்ணை எடுத்துக்கிட்டு ஆறு மணிக்கு வந்து சேருங்க."