இருபத்தைந்தாவது கிளாஸ்

பாறசாலை பாரில் கிளாஸ் கழுவும் மெஷினுக்கு நார்பர்ட்தான் பொறுப்பு. ஈஸ்டர்வரை தொடுவதில்லை என்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று குடியை விட்டான். குடித்த காலத்தில், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தும், எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. விட்ட மறுநாள் முதல், இருபத்துநாலு கிளாசைக் கவிழ்த்து உள்ளே வைத்தால் இருபத்தைந்து வெளியே வந்தது. மற்றதெல்லாம் கை சுடும். கூடுதலாக வந்த ஒன்று மட்டும் குளிர்ந்து, விளிம்புவரை தண்ணீரோடு நிமிர்ந்து நிற்கும்.

விஷயத்தைக் கேட்ட மேனேஜர் பிஜு அவன் வாயை மோந்து பார்த்தார். "எலே, இன்னொருக்க குடிச்சிட்டு வந்தா வேலை போவும்னு சொன்னேன் இல்லியா?"

"நோம்பாக்கும் அண்ணே. வீட்டுக்காரி தலையில கைவச்சு சத்தியம் செஞ்சதுண்டு."

வாடை இல்லை. பிஜு தானே இருபத்துநாலை எண்ணிக் கவிழ்த்து, மூடியை இறக்கி, பட்டனை அமுக்கினார். இரண்டு நிமிடம் மெஷின் முனகியது. மூடியைத் தூக்கினார்.

இருபத்தைந்து.

பிஜு மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "மக்கா, வேலை உனக்கு உண்டு. நாளைக்கு மட்டும் இத்திரி குடிச்சிட்டு வா. கிளாஸ் எண்ணம் சரியாவுதான்னு பாப்போம்."

தலையாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நார்பர்ட் மெஷினுக்குள் கிளாஸ் இருந்த தட்டைப் பார்த்தான். இருவரும் தொடாத அந்த இருபத்தைந்தாவது கிளாசில், விளிம்புவரை நின்ற தண்ணீர் பாதியாகியிருந்தது.