காசியில் விட்ட மீன்

அவள் விரலை எடுக்கவில்லை.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இந்தியப் படம். வலது ஓரத்தில், கடலுக்குள், எறும்பு ஊர்வது போலச் சில புள்ளிகள். அந்தமான்.

அதன் மேல்தான் விரல்.

“அங்கன என்னட்டி இருக்கு?” என்றார் கணவர்.

டிராவல்ஸ்காரப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காசிக்கு என்றுதான் அவர் போனில் சொல்லியிருந்தார். காசி, கயா, அலகாபாத் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்தாள், பாவம்.

அங்கே என்ன இருக்கிறதா? நாலு பக்கமும் கடல் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன் இருக்கிறது. வேறென்ன வேண்டுமாம்?

கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்ததிலிருந்து அவள் போன இடங்கள் பெரியாஸ்பத்திரி, குலதெய்வம் கோயில், மறுபடியும் பெரியாஸ்பத்திரி. முதலில் பிள்ளைப்பேறு. பிறகு மாமனார். பிறகு மாமியார். “கொஞ்சம் பொறு, எங்கயாவது போவோம்” என்று அவர் சொல்லிச் சொல்லியே இவளுக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது மாமியாரின் வருஷத் திதியும் முடிந்தது. இனி யாருக்காகவும் பொறுக்க வேண்டியதில்லை.

கிளம்பலாம் என்றால், காசியாம் காசி!

காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும். கங்கையில் முங்கி எழுந்து, இனி இதைத் தொடமாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஊரில் பாதிப்பேர் பாகற்காயை விடுவார்கள். கங்கை என்ன, உனக்கு அது பிடிக்குமா என்று கேட்கவா போகிறது?

மாமியார் அப்படி இல்லை. வீம்புக்காரர். காசிக்குப் போனபோது, கூட வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கும்படி மீனை விட்டார்.

மீனை!

முள்ளுக்குப் பயந்து குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிற மனுஷி.

விட்டவர் தம் வாயோடு நிறுத்தினாரா? நான் விட்டது இந்த வீட்டு அடுப்பில் வேகக்கூடாது என்றார். அன்றோடு சரி.

இவள் தூத்துக்குடிக்காரி. நடக்கப் பழகும் முன்பே சாளைமீன் முள்ளை நாக்கால் ஒதுக்கப் பழகியவள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்சட்டியின் அடியில் மாமியார் ஓட்டை போட்டுக் கற்றாழை நட்டார். தினமும் இவள்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒருநாளும் வயிறு எரியாமல் ஊற்றியதில்லை.

அம்மா வீட்டுக்குப் போய் ஒருதரம் தின்றுவிட்டு வந்தாள். வீச்சம் அடிக்கிறது என்று வாசலிலேயே நிறுத்தித் தலைக்குக் குளிக்கச் சொன்னார் மாமியார். தெருவே பார்த்தது.

ரோஷக்காரி. அதன் பிறகு அம்மா வீட்டிலும் தொடவில்லை.

கணவர் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வேலையில் இருந்தவரை, புதன்கிழமைகளில் மட்டும் மதியச் சாப்பாடு கட்டித்தர வேண்டாம் என்பார். மீட்டிங் என்பார். அன்று சாயங்காலம் சிரித்த முகமாக வருவார். நேரே அடுப்படிக்கு வந்து, எலுமிச்சம்பழ மூடியால் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவுவார்.

எதற்கு என்று அவள் கேட்டதில்லை. மூடியை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

“அம்மா ஆத்மா சாந்தியடையணும்லா,” என்றார் இப்போது. குரலை இறக்கியிருந்தார். “உனக்கும் புண்ணியம்தான. போய் ஏதாவது ஒண்ண விட்டுட்டு வருவோம்.”

அவள் நிமிர்ந்தாள்.

“நான் போகாமலே விட்டாச்சு.”

அவர் டிராவல்ஸ்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

விரல் அங்கேயே இருந்தது. நகம் வெளுக்கிற மாதிரி அழுத்தியிருந்தாள். எடுத்தால் போச்சு. எடுத்தால் கங்கை, படித்துறை, திரும்பி வந்தால் பழைய அடுப்படி. முடியாது. கோபித்துக்கொண்டு எழுந்து போகட்டுமே. போனால் ஒரு டிக்கெட். அவ்வளவுதானே?

“நான் வரலன்னா, தனியாப் போவியோ?”

“போவேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். இந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அவளுக்கே புதிதுதான்.

“சரி, போடும்மா,” என்றார் அந்தப் பெண்ணிடம். “ரெண்டு பேருக்கும்.”

அப்போதுதான் விரலை எடுத்தாள். சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

பெயர், வயது எல்லாம் கேட்டுத் தட்டினாள் அந்தப் பெண். “சாப்பாடும் சேத்துதாம்மா. சைவமா, அசைவமா?”

“எனக்கு மீனு. காலையில கிடைச்சா காலையிலயும் போடச் சொல்லு.”

“சாருக்கு?”

அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “வீட்டுக்கு வெளியதான, தப்பில்ல. எனக்கும் அதையே…”

“அவுகளுக்குச் சைவம் போடும்மா.”

“ஏட்டி…”

“எத்தனையோ வருசமா புதன்கெழம தவறாம வஞ்சிரம் தின்னவுக. ஒரு வாரம் பொறுத்துக்கிடுவாக.”

தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.

அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.