மை படாத இடம்

பதினோரு நாள் மட்டும் உயிரோடு இருந்த குழந்தையின் ஒரே படம் அது. படத்தில் ஆஸ்பத்திரி ஜன்னலோரம் அதன் அம்மா செலஸ்டினா குழந்தையை மடியில் வைத்திருக்கிறாள். கலரில் குழந்தையின் விரல்கள் நீலமாகத் தெரிவதால், கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு வாங்க என் கடைக்கு வந்திருந்தாள். ஜன்னல் வெயில் பட்டுக் குழந்தையின் முகம் மொத்தமும் வெளுத்துப் போயிருந்தது.

"முகத்தைக் கொஞ்சம் கொண்டுவர முடியாதா சார்?"

மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"அங்க ஒண்ணுமே பதிவாகலைம்மா. வெள்ளைக்கு மெஷின்ல மை கிடையாது. அந்த இடத்துல வெறும் பேப்பர்தான் தெரியும்."

"அப்ப பேப்பரை நானே பாத்து எடுக்கறேன்."

இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டேன். பளபளப்பானதைத் தொடவே இல்லை. மூங்கில் கூழில் செய்ததை, "மஞ்சளா இருக்கு, வேண்டாம்" என்று தள்ளினாள். மற்றவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவினாள். பருத்தியில் செய்த ஒரு தாளின் மேல் கை நின்றுவிட்டது.

அதில் மை ஏறும் பக்கம் எது என்று பார்க்க, வழக்கம்போல் மூலையை உதட்டில் வைத்தேன். பூச்சு உள்ள பக்கம் ஈர உதட்டில் லேசாக ஒட்டும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிண்ட் வந்ததும் மேஜையில் வைத்தேன். குனிந்தாள்.

"தொடாதீங்கம்மா, மை காயலை."

"இங்க மை இல்லேன்னீங்களே சார்."

அந்த வெள்ளையில் உதட்டை வைத்தாள். நிமிர்ந்தபோது தாளும் அவளோடு கொஞ்சம் எழுந்து வந்தது.