நடுக்கடல் நேர்த்தி

"உந்தத் தேங்காயைக் கோயிலில உடைச்சால் பிள்ளையார் வேண்டாம் எண்டு சொல்லுவாரே?"

மொன்றியலில் பஸ் ஏறியதிலிருந்து ஆனந்தராசா இதையேதான் கேட்டுக்கொண்டு வருகிறார். புஷ்பராணி கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். குடுமி வைத்த தேங்காய் அதற்குள் பத்திரமாக இருந்தது. திமிங்கிலம் பார்க்க வந்த படகில் எல்லோர் கையிலும் கமரா, இவள் கையில் தேங்காய்.

"கடலில வந்தவருக்குக் கடலிலதான் குடுக்கவேணும்" என்றாள்.

பிள்ளையார் கடலில் வந்தது இருபது வருடங்களுக்கு முன். கப்பல்காரன் அகதிகளை நடுக்கடலில் ஒரு சின்னப் படகில் இறக்கி, கனடா அந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தப் படகில் இவர்கள் இருவரும் இருந்தார்கள். மூடுபனிக்குள் ஒரு பெரிய கறுப்பு முதுகு பெருமூச்சோடு எழும்பியபோது எல்லோரும் அலறினார்கள். புஷ்பராணி மட்டும் யானை என்று நினைத்துக் கும்பிட்டாள். பிள்ளையாரே வந்துவிட்டார் என்று நேர்த்தியும் வைத்துவிட்டாள். அது திமிங்கிலம் என்று கரையில் சொன்னார்கள். அதனாலென்ன, கும்பிட்டது கும்பிட்டதுதானே.

அதன்பிறகு கடல் என்றாலே அவளுக்குக் காய்ச்சல் வரும். நேர்த்தி அப்படியே கிடந்தது. இப்போது ஆனந்தராசாவுக்கு அடுத்த கிழமை நெஞ்சில் ஒப்பரேசன். கடனைத் தீர்க்காவிட்டால் பிள்ளையார் தந்ததைத் திருப்பி எடுத்துவிடுவார் என்று பயந்துதான் புறப்பட்டு வந்தாள்.

வெகுநேரமாகியும் ஒரு திமிங்கிலமும் தலைகாட்டவில்லை. படகு திரும்பத் தொடங்கியது. புஷ்பராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் வழிகாட்டிப் பெண் கையை நீட்டினாள். அதே கறுப்பு முதுகு, அதே பெருமூச்சு. அன்று ஈரக்குலையை நடுக்கிய அந்தச் சத்தம் இன்று ஊர்ச் சொந்தத்தின் குரலைக் கேட்டதுபோல் இருந்தது. புஷ்பராணி தேங்காயை இரும்புத் தூணில் ஓங்கி அடித்தாள்.

கடலில் எதையும் போடக்கூடாது என்று வழிகாட்டி பதறி ஓடிவந்தாள். ஆனந்தராசா தனது தொழிற்சாலைப் பிரெஞ்சில் விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் தேங்காய்த் தண்ணீர் மட்டும் கடலுக்குப் போனது. தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளை மற்றப் பயணிகள் 'மெர்சி' என்று நன்றி சொல்லித் தின்றார்கள்.

"நேர்த்தி தீருமட்டும் சொல்லக்கூடாது எண்டனீர். இப்ப சொல்லும்" என்றார் ஆனந்தராசா. "எங்களைப்போல நீரும் உயிர்ப்பிச்சைதானே கேட்டனீர்?"

"அதைத்தான் நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தனீங்களே. பிறகு நானும் ஏன்?"

அவள் சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றியைத் துடைத்தாள்.

"தன்ர பங்குத் தண்ணியை ஆரோ பெத்த பிள்ளைக்குப் பருக்கிக்கொண்டு முன்னால ஒருத்தர் இருந்தவர். கரை சேர்ந்தால், பேர் தெரியாத அந்த மனுசனை எனக்குத் தா எண்டு கேட்டனான்."